வீட்ல நிலைமை சரியில்லாதப்போ பழைய எம்ஜிபி காரைப் பிரிக்கிறவங்க பண்ற தப்புகள் (எல்லாம் நானும் பண்ணினதுதான்)

மனைவிக்கு கீமோ ஆரம்பிச்ச வருஷம்தான் நான் என் 1972 எம்ஜிபி ஜிடியை (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், கூரை உள்ள மாடல்) பிரிக்கவும் ஆரம்பிச்சேன். மனசுக்கு ஒரு மாற்றமா இருக்கும்னு நினைச்சேன், இருந்துச்சு, ஒரு வாரத்துக்கு.

அந்த ஒரு வாரத்துலயே பெரிய தப்பு நடந்து முடிஞ்சிடுச்சு. சீட்டு, டேஷ்போர்டு, கார்பரேட்டர், ரேடியேட்டர் எல்லாத்தையும் கழட்டிட்டேன். கழட்டறதுல ஒரு சுகம் இருக்குங்க, கோவத்தையெல்லாம் ஸ்பேனர்ல காட்டலாம், ஆனா அப்புறம் ஆஸ்பத்திரி அலைச்சல்ல நாலு மாசம் கராஜ் கதவையே திறக்கல, திரும்பி வந்து பார்த்தா ஐஸ்க்ரீம் டப்பா நிறைய போல்ட்டு, எது எங்க இருந்துச்சுன்னு சுத்தமா ஞாபகம் இல்ல. இந்தக் கார்ல பெரும்பாலும் யுஎன்எஃப்ங்கற அங்குல அளவு மரை, அதுக்கு அங்குல ஸ்பேனர்தான் போடணும், அவசரத்துல மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டா போல்ட் தலை உருண்டு போயிடும். அதனால இந்த மாதிரி காலத்துல அன்னைக்கே பிரிச்சு அன்னைக்கே பூட்டற வேலையை மட்டும் எடுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ, கழட்டினதும் ஒரு சின்ன கவர்ல போட்டு பேர் எழுதி வைங்க.

அடுத்தது சில். கதவுக்குக் கீழ ஓடுற அந்தப் பகுதியில லேசா துரு தெரிஞ்சதும் கிரைண்டரை எடுத்துடாதீங்க. எம்ஜிபிக்கு தனி சேசிஸ் கிடையாது, சில்தான் அதுக்கு முதுகெலும்பு. வெளில தெரியற தகடு ஒண்ணு, உள்ள நடுவுல ஒரு தகடு, அடியில காசில் ரெயில்னு இன்னொரு தகடு, எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குது. காரை சமமா நிறுத்தி, கதவு இடைவெளிக்குக் குறுக்கே பிரேஸ் (தாங்கு கம்பி) வச்சு வெல்ட் பண்ணிட்டு, ஒரு பக்கம் முடிச்ச பிறகுதான் அடுத்த பக்கம் வெட்டணும். இல்லேன்னா பாடி தொய்ஞ்சுடும், அப்புறம் கதவு மூடாது. கூரை இல்லாத ரோட்ஸ்டர்னா இன்னும் மோசம். வேற யாரோ பழைய துரு மேலயே புது தகடு வச்சு அடிச்ச கார் நிறைய இருக்கு, குத்திப் பார்த்தா ஸ்க்ரூடிரைவர் உள்ள போயிடும். இது தொடர்ந்து பல வாரம் இழுக்கற வேலை, நாளைக்கு டாக்டர் என்ன சொல்வாரோன்னு தெரியாத மாசத்துல தொடவே தொடாதீங்க. உலர்ந்த இடத்துல நிறுத்தி வச்சா துரு கொஞ்சம் காத்திருக்கும்.

ராத்திரி தூக்கம் வராம போன்ல பார்ட்ஸ் வாங்கறது இன்னொண்ணு. வெயிட்டிங் ரூம்ல உக்காந்துகிட்டு குரோம் பம்பர் ஆர்டர் பண்ணின ஆள் நான். 1962ல இருந்து 1980 வரைக்கும் இங்கிலாந்துல அபிங்டன்ல 5 லட்சத்துக்கு மேல செஞ்ச கார் இது, பார்ட்ஸ் எங்கயும் ஓடிப் போகாது. பாடி ஷெல்லையே பழைய அச்சை வச்சு 1988ல இருந்து புதுசா அடிச்சுக் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, பம்பர் எம்மாத்திரம்.

மனசு வேற எங்கயோ இருக்கும்போது காருக்கு அடியில போகாதீங்க. வெறும் ஜாக்கை நம்பி போறது எப்பவுமே தப்பு, ஆனா தூக்கம் இல்லாதவன்தான் ஸ்டாண்ட் வைக்க மறப்பான். பிரேக் வேலையும் அப்படித்தான், பழைய பிரேக் ஷூல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காத்தடிச்சு தூசியைக் கிளப்பாதீங்க. வயரிங்ல கை வைக்கணும்னா முதல்ல சீட்டுக்குப் பின்னாடி இருக்கற பேட்டரியைக் கழட்டுங்க, என் வண்டி மாதிரி ரெண்டு 6 வோல்ட் பேட்டரி இருந்தா ரெண்டையும். 1967க்கு முந்தின வண்டின்னா அது பாசிட்டிவ் எர்த் (பேட்டரியோட பிளஸ் முனைதான் பாடியில சேர்ந்திருக்கும்), சார்ஜர் மாட்டும்போது ஞாபகம் இருக்கட்டும். 2021 செப்டம்பர்ல பிரிட்டன்ல சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்தது) ஆயிடுச்சு, பழைய ரப்பர் ஹோஸுக்கு அந்த எத்தனால் ஆகாது, முதல்ல ஹோஸை மாத்துங்க.

பேப்பர் வேலையையும் விட்டுடாதீங்க, வீட்ல பிரச்சினைன்னா தபாலைப் பிரிக்கவே தோணாது. ரோட்ல ஓடாத காருக்கு ஸோர்ன் (வண்டி ரோட்ல ஓடலன்னு பிரிட்டன் அரசுக்குக் குடுக்கற அறிவிப்பு) போடலேன்னா, இன்ஷூரன்ஸும் இல்லேன்னா அபராதக் கடிதம் தானா வரும். 40 வருஷம் தாண்டின காருக்கு வரி இல்லதான், ஆனா அதுக்கும் நாமதான் விண்ணப்பிக்கணும். விவாகரத்துல இருக்கறவங்க கவனிங்க, லாக் புக்ல (வண்டியோட பதிவுச் சான்று) உங்க பேர் இருக்கறதால மட்டும் கார் உங்களுதுன்னு ஆகிடாது, வாங்கின ரசீதை பத்திரமா வைங்க. காசுக்கு முடையா இருந்தா பிரிக்கறதுக்கு முன்னாடியே முழுசா வித்துடுங்க, டப்பா டப்பாவா கிடக்கற காருக்கு வாங்கறவன் சொல்றதுதான் விலை.

கடைசியா ஒண்ணு, இது எந்த மேனுவல்லயும் இருக்காது. "உனக்கு சரியாகும்போது இதுல வேல்ஸ் கடற்கரைக்குப் போலாம்"னு மனைவிகிட்ட சொல்லி வச்சேன். அதுக்கப்புறம் கார் வேலை தள்ளிப்போன ஒவ்வொரு வாரமும் அவ உடம்பே தேறாத மாதிரி எனக்கு ஒரு பயம், கராஜ் பக்கம் போகவே பிடிக்கல. ஒரு நாள் அவதான் கேட்டா, "என் உடம்பை ஏங்க அந்தக் காரோட கட்டி வைக்கறீங்க"ன்னு. இப்போ தேதி எதுவும் கிடையாது, வியாழக்கிழமை ஒரு மணி நேரம், அவ்வளவுதான். போன வாரம் எஸ்யு கம்பெனி கார்பரேட்டரோட டாஷ்பாட்ல (மேல இருக்கற எண்ணெய்க் குழாய்) எண்ணெய் ஊத்தினேன், அவ ஸ்டூல்ல உக்காந்து ஐஸ்க்ரீம் டப்பால இருந்த போல்ட்டையெல்லாம் அளவு வாரியா பிரிச்சுகிட்டு இருந்தா.