ஒரே கார், ஒரே சாலை, இரண்டு மைலேஜ்: ஹைபிரிட் காரின் நெடுஞ்சாலைக் கணக்கைப் பார்க்கும் முறை

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும்போது லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்த ஹைபிரிட் கார் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் கார்), அதே ஆட்களுடன் இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது 24 கொடுத்தால், கார்க்காரர் முதலில் சந்தேகிப்பது பேட்டரியைத்தான். நானும் அப்படிச் சந்தேகித்து ஒரு சனிக்கிழமை முழுவதையும் சர்வீஸ் சென்டரின் காத்திருப்பு அறையில் கழித்துவிட்டு, பிழை எதுவும் இல்லை என்ற பதிலோடு வேளச்சேரிக்குத் திரும்பினேன். பதில் சரியானதே. காரணங்கள் பெரும்பாலும் காருக்கு வெளியே, காற்றிலும் ஏற்றத்திலும் நம் வலது காலிலும் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக் கழித்த பிறகும் மிச்சம் நின்றால்தான் காரைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் அளவையை மாற்றிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை விட்டுவிட்டு, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதிப் பாருங்கள். லிட்டருக்கு 26 கொடுக்கும் கார் 100 கிலோமீட்டருக்கு 3.85 லிட்டர் குடிக்கிறது. எதிர்க்காற்றாலோ வேகத்தாலோ கூடுதலாக 0.7 லிட்டர் செலவானால் அது 4.55 லிட்டராகி, மைலேஜ் 22க்கு இறங்கிவிடுகிறது. லிட்டருக்கு 12 மட்டுமே கொடுக்கும் பழைய பெட்ரோல் காருக்கும் அதே 0.7 லிட்டர் கூடுதலானால் அதன் மைலேஜ் 11க்கு வரும், அவ்வளவுதான். இழப்பு ஒன்றே என்றாலும், ஒன்றில் நான்கு குறைந்ததாகவும் மற்றொன்றில் ஒன்று குறைந்ததாகவும் தெரிகிறது. ஹைபிரிட் கார்க்காரர்களின் கவலையில் பாதி இந்த அளவையால் வருவது என்பது என் கருத்து.

அடுத்தது வேகம். ஹைபிரிட் கார் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்கு முக்கியக் காரணம், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாகத் திரும்ப எடுத்துக்கொள்வதும், நெரிசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு மோட்டாரில் ஊர்வதும் ஆகும். தீபாவளிக்கு முந்தைய நாள் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்து செல்லும்போது மற்ற கார்களின் மைலேஜ் சரிய, ஹைபிரிட் காரின் மைலேஜ் ஏறக்குறைய அப்படியே நிற்பது இதனால்தான். திறந்த நெடுஞ்சாலையில் பிரேக்குக்கு வேலை இல்லை. அங்கே எஞ்சின்தான் காரை இழுக்கிறது, அது தள்ள வேண்டியதில் பெரும்பங்கு காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100க்குப் போனால் வேகம் 25 சதவீதம் கூடும்போது எதிர்ப்பு 56 சதவீதம் கூடுகிறது. 120க்குப் போனால் இரண்டேகால் மடங்காகிறது. இந்தியாவில் மைலேஜ் சான்றிதழுக்கான சோதனை ஓட்டத்தில் வேகம் 90ஐத் தாண்டுவதே இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், மாருதியின் கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டுக்கு அறிவிக்கப்பட்ட லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்ற எண்ணை 110இல் ஓட்டிக்கொண்டு எதிர்பார்க்க மாட்டோம்.

சராசரி வேகம் மட்டும் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். சீராக 75இல் ஓட்டினாலும், சுங்கச்சாவடியில் இழந்த நேரத்தை ஈடுகட்ட 100இல் விரட்டி வேறோரிடத்தில் 60இல் தவழ்ந்தாலும், இரண்டுக்கும் ஒரே சராசரி வரலாம். வேகமாக ஓட்டிய பகுதியில் இழந்ததை மெதுவாக ஓட்டிய பகுதி திருப்பித் தராது. புதுச்சேரிக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60, 70 என்று நிதானமாகப் போனவர், திண்டிவனம் வழியாக நூறைத் தொட்டுப் போனவரைவிட நல்ல மைலேஜ் பெறுவது இதனால்தான்.

காற்று விஷயத்தைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசும்போது 80இல் ஓட்டுகிற காருக்கு, காற்றைப் பொறுத்தவரை வேகம் 100. அதாவது மேலே சொன்ன 56 சதவீதம் ஸ்பீடாமீட்டரில் தெரியாமலே வந்து சேர்ந்துவிடுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வீசுவதால் ஓசூர் நோக்கிப் போகும் கார் அதை முகத்தில் வாங்குகிறது, திரும்பும் கார் முதுகில் வாங்குகிறது. அதே மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும்போது, முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்பதை ஸ்டியரிங்கிலேயே உணர்ந்திருப்பார்கள். கோடைப் பிற்பகலில் சென்னைக் கரையோரம் வீசும் கடற்காற்றும் இப்படித்தான். காலையில் புதுச்சேரிக்குப் போன எண்ணையும் மாலையில் திரும்பிய எண்ணையும் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆகவே கிளம்பும் முன் கைபேசியின் வானிலைச் செயலியில் வழியிலுள்ள இரண்டு மூன்று ஊர்களின் காற்றுத் திசையையும் வேகத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

இனி ஏற்றம். சென்னை கடல்மட்டத்தை ஒட்டியிருக்கிறது. பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர், ஆம்பூர் வரை தெரியாமல் ஏறும் சாலை, கிருஷ்ணகிரிக்கு அப்பால்தான் ஏற்றத்தை வெளிப்படையாகக் காட்டுகிறது. ஆட்களுடன் 1,500 கிலோ எடையுள்ள காரை 900 மீட்டர் தூக்குவதற்கு ஏறத்தாழ 13 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 32 மெகாஜூல். நல்ல ஹைபிரிட் எஞ்சினும் அதில் 40 சதவீதத்துக்குள்தான் சக்கரத்துக்கு அனுப்பும் என்பதால், ஏற்றத்துக்கு மட்டும் ஒரு லிட்டருக்குச் சற்று மேலாகச் செலவாகிறது. 350 கிலோமீட்டர் பயணத்துக்கு 16 லிட்டர் ஆகும் என்று கொண்டால், போகும்போது 17 லிட்டர், வரும்போது 15 லிட்டர்: லிட்டருக்கு 20.6, 23.3. தொடக்கத்தில் சொன்ன வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிட்டது. மீதத்துக்குக் காற்று போதும்.

இறக்கத்தில் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஓசூரிலிருந்து இறங்குவது போன்ற மிதமான சரிவில் கார் பிரேக் இல்லாமல் உருள்வதால் பெரும்பாலும் கிடைக்கும். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் கிடைக்காது. கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டின் பேட்டரி 0.76 கிலோவாட் மணி மட்டுமே கொண்டது. அதிலும் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. நூற்றைம்பது மீட்டர் இறங்குவதற்குள் அது நிரம்பிவிட, அதன்பின் உள்ள இறக்கமெல்லாம் எஞ்சின் இழுவையிலும் பிரேக் சூட்டிலும் போய்விடுகிறது. பேட்டரி சிறியது என்பதால், பயணத்தின் தொடக்கத்தில் அது எத்தனை கோடு காட்டியது என்பதும் நீண்ட பயணத்தில் பொருட்டில்லை; முழுக் கொள்ளளவுமே கால் லிட்டர் பெட்ரோலின் வேலைக்குள் அடங்கிவிடும்.

அளக்கும் முறையில் கவனமில்லாவிட்டால் மேற்சொன்ன கணக்கெல்லாம் வீண். ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்பில், பம்ப் முதல்முறை தானாக நிற்கும் ஆட்டோ கட்டிலேயே நிறுத்தி நிரப்புங்கள். எண் முழுமையாக வரட்டும் என்று ஊழியர் கூடுதலாகத் தட்டி ஊற்றும் ஒரு லிட்டர், 20 லிட்டர் கணக்கில் 5 சதவீதப் பிழை. அதிகாலையில் நிரப்பினால் பெட்ரோல் அடர்த்தியாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம். தொட்டி நிலத்தடியில் இருப்பதால் அதன் வெப்பநிலை காலைக்கும் மாலைக்கும் அதிகம் மாறுவதில்லை. போக வர இரண்டையும் சேர்த்த மைலேஜை ஒரு நோட்டில் எழுதி, அதன் பக்கத்தில் சீராக ஓட்டிய வேகம், காற்று, மழை, ஆட்கள், டயர் காற்றழுத்தம் ஆகியவற்றைக் குறித்துவாருங்கள். பழைய வருடத்துக் குறிப்போடு ஒப்பிடுபவர்கள், இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதையும், எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

டயர் காற்றைக் கார் ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் பாருங்கள். மழைநீர் தேங்கிய சாலையும் மேற்கூரைக் கேரியரும் மைலேஜைக் குறைக்கும். ஏ.சி.யின் பங்கு நெடுஞ்சாலையில் சிறியது; அதை நிறுத்திவிட்டு 90இல் ஜன்னலைத் திறந்து ஓட்டுவதில் லாபம் இல்லை.

இத்தனையும் கழித்த பின்பும், காற்றில்லாத நாட்களில், ஒரே வேகத்தில், போக வரச் சேர்த்த எண் மூன்று நான்கு பயணங்களாகத் தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தால் அப்போது காரைப் பாருங்கள். சக்கரங்களின் அலைன்மென்ட், விடாமல் உரசும் பிரேக் பேட், எஞ்சினின் காற்று வடிகட்டி ஆகியவற்றோடு, பல ஹைபிரிட் கார்களில் பின்சீட்டருகே இருக்கும் பேட்டரி விசிறியின் துளையையும் சோதிக்கச் சொல்லுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அந்தத் துளையை அடைத்து அரிசி மூட்டையோ துணிப்பையோ கிடந்தால், பேட்டரி சூடாகி, மின்சாரத்தை வாங்குவதையும் கொடுப்பதையும் கட்டுப்பாட்டுக் கணினியே குறைத்துவிடும். பையை நகர்த்தி வைத்து, வடிகட்டியில் படிந்த தூசியைத் தட்டிவிட்டு, அடுத்த பயணத்தின் எண்ணைப் பார்த்த பிறகு சர்வீஸ் சென்டருக்கு நேரம் குறிக்கலாம்.