புதிய ஸ்விட்ச் பொருத்தியபின் நெட்வொர்க் மெதுவாகிவிட்டதா? காரணத்தைக் கண்டறியும் முறை

பல கணினிகளைக் கேபிளால் ஒன்றாக இணைக்கும் பெட்டியான நெட்வொர்க் ஸ்விட்சில், விநாடிக்கு 1000 மெகாபிட் வேகம் தரும் புதிய கிகாபிட் வகையைப் பொருத்தியபின் நெட்வொர்க் முன்பைவிட மெதுவாகிவிட்டால் எல்லோரும் முதலில் ஸ்விட்சைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் வீடுகளிலும் சிறிய அலுவலகங்களிலும் பயன்படும் எளிய ஸ்விட்சுகளில், கோளாறு பெரும்பாலும் அதில் செருகிய கேபிளிலோ மறுமுனையில் உள்ள கருவியிலோதான் இருக்கும். கீழுள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது பலித்தது என்பது தெரியும்.

படி 1: மெதுவாக இருப்பது இணையமா, உள் நெட்வொர்க்கா?

மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டரில் நேரடியாகக் கேபிளைச் செருகி இணைய வேகத்தைச் சோதியுங்கள்; பிறகு அதே கேபிளை ஸ்விட்ச் வழியாக இணைத்துச் சோதியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஸ்விட்சில் தேடிப் பயனில்லை, இணையச் சேவையையோ ரவுட்டரையோதான் பார்க்க வேண்டும். உள் நெட்வொர்க்கைச் சோதிக்க, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பல ஜிபி அளவுள்ள ஒரே கோப்பை நகலெடுங்கள். கிகாபிட் இணைப்பில் விநாடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் வரை போகும். 11 அல்லது 12 மெகாபைட்டிலேயே நின்றுவிட்டால், எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 100 மெகாபிட்; 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்) ஓடுகிறது என்று பொருள். ஹார்ட் டிஸ்க்கின் வேகம் கணக்கைக் குழப்பாமலிருக்க ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளால் அளப்பது இன்னும் நம்பகமானது.

படி 2: இணைப்பு வேகத்தைப் பாருங்கள்

விண்டோஸ் கணினியில் செட்டிங்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுத்தால் லிங்க் ஸ்பீடு என்ற வரி இருக்கும். அதில் 1000 வர வேண்டும். கேபிளைச் செருகும் துளையான போர்ட்டின் மேலுள்ள விளக்கின் நிறமும் வேகத்தைக் காட்டும். ஆனால் எந்த நிறம் எந்த வேகம் என்பது கருவிக்குக் கருவி மாறுவதால், பெட்டியோடு வந்த கையேட்டைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

படி 3: கேபிள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு கேபிளுக்குள் 4 ஜோடிகளாக 8 கம்பிகள் உள்ளன. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய எண்களுள்ள நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆகவே நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி அறுந்த கேபிள், பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சில் பல ஆண்டுகள் எந்தக் குறையும் காட்டாமல் ஓடியிருக்கும். எட்டுக் கம்பிகளும் இணைந்திருந்தும் கிரிம்பிங் (கம்பிகளை முனையிலுள்ள பிளாஸ்டிக் செருகியில் அழுத்திப் பொருத்துவது) சரியில்லையென்றால் நிலைமை இன்னும் மோசம்: இணைப்பு 1000-இல் எழும்பும், தரவுப் பொட்டலங்கள் பிழையாகிப் பிழையாகித் திரும்ப அனுப்பப்படும், பழைய வேகம்கூடக் கிடைக்காது. புதிய ஸ்விட்ச் வந்தபின் "முன்பைவிட மெதுவு" என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதலில், நன்றாக வேலை செய்வதாகத் தெரிந்த கேட்-5ஈ அல்லது கேட்-6 தரத்திலான பேட்ச் கார்டை (இரு முனையும் பொருத்தியே வரும் குட்டையான கேபிள்) போட்டுப் பாருங்கள். வேகம் வந்துவிட்டால் பழைய கேபிளின் ஆர்ஜே-45 எனப்படும் பிளாஸ்டிக் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டுக் கம்பிகளின் நுனியும் பிளாஸ்டிக்கின் முன்சுவர் வரை சென்றிருக்க வேண்டும். எங்காவது ஒன்று பின்தங்கியிருந்தால், அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். மலிவாக வாங்கிய கேபிள் என்றால், ஒரு கம்பியின் மேற்பரப்பைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். நீண்ட தூரத்துக்கு அதை நம்பாமல் முழுச் செம்புக் கேபிளாக மாற்றிவிடுவதே நல்லது.

படி 4: வேக அமைப்பு தானியங்கியாக உள்ளதா?

சில அலுவலகக் கணினிகளில் யாரோ எப்போதோ நெட்வொர்க் கார்டை "100 ஃபுல் டூப்ளெக்ஸ்" (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும் முறை) என்று நிலையாக வைத்திருப்பார்கள். மறுமுனையில் புதிய ஸ்விட்ச் தானாகப் பேசி முடிவுசெய்ய முயன்று, பதில் வராததால், ஒரு நேரத்தில் அனுப்பவோ பெறவோ மட்டுமே முடிகிற ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். அப்போது பிங் என்ற சிறு இணைப்புச் சோதனை சரியாகவே இருக்கும்; பெரிய கோப்பை அனுப்பும்போதுதான் வேகம் படுத்துவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் அட்வான்ஸ்டு பகுதிக்குச் சென்று, ஸ்பீடு அண்டு டூப்ளெக்ஸ் என்பதை ஆட்டோ நெகோஷியேஷனுக்கு மாற்றுங்கள்.

படி 5: ஸ்விட்சையே ஒருமுறை உற்றுப் பாருங்கள்

எல்லாப் போர்ட்டுகளின் விளக்குகளும் ஓயாமல் ஒரேயடியாகச் சிமிட்டி, மொத்த நெட்வொர்க்கும் திணறினால், ஒரு கேபிளின் இரு முனைகளும் அதே ஸ்விட்சில் செருகப்பட்டுள்ளனவா என்று தேடுங்கள். சிசிடிவி கேமராக்களுக்கான, கேபிள் வழியே மின்சாரமும் தரும் பிஓஇ ஸ்விட்சாக இருந்தால் முகப்பில் எக்ஸ்டெண்ட் என்ற சிறு விசை இருக்கலாம். அது 250 மீட்டர் வரை கேபிள் இழுப்பதற்காகப் போர்ட்டுகளை 10 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைப்பது. தேவையில்லாதபோது அணைத்தே இருக்க வேண்டும். இவ்வகைச் சில மாடல்களில் ரவுட்டரோடு இணைக்கும் அப்லிங்க் போர்ட் மட்டுமே கிகாபிட், மற்றவை 100 என்பதையும் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வேகம் வரவில்லையென்றால், நல்ல கேபிளையும் நல்ல கணினியையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு போர்ட்டாக மாற்றிச் சோதியுங்கள். ஒரு போர்ட்டில் மட்டும் வேகம் குறைந்தால் அந்தப் போர்ட் பழுது; எல்லாவற்றிலும் குறைந்தால் ஸ்விட்சையே வாரண்டியில் மாற்றித் தரக் கேட்கலாம்.