ஆம்புலன்ஸ் சக்‌ஷன் மிஷின் இழுக்காதபோது செய்தது: என் அனுபவம்

உசிலம்பட்டியிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு சுமார் 40 கிலோமீட்டர். வழியில் நோயாளி வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழாய்க்குள் இறங்காமல் உறிஞ்சி எடுத்து அவரைக் காப்பாற்றுவது சக்‌ஷன்தான். எங்கள் வண்டியில் இருந்த மிஷினில் மோட்டார் நன்றாகவே ஓடியது. ஆனால் குழாயை மடக்கிப் பிடித்தால் உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் முள் 150க்கு மேல் ஏறவில்லை. 4 விநாடிக்குள் 300 மி.மீ. பாதரச அளவைத் தாண்ட வேண்டும்.

சார்ஜ் முழுதாக இருந்தது. சரி, காற்று எங்கோ கசிகிறது என்று பம்ப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பம்பின் வாயை விரலால் நேரடியாக அடைத்ததும் முள் 400ஐத் தாண்டியது. அப்படியானால் பம்பில் கோளாறு இல்லை. ஃபில்டரை மாட்டி அடைத்தேன், அப்போதும் ஏறியது. உறிஞ்சியது சேரும் ஜாரை மாட்டியதும் முள் விழுந்துவிட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த ரப்பர் வாஷர் இறுகி, ஓரத்தில் மெலிதாக வெடித்திருந்தது. அந்த மாடலுக்கான வாஷரையே வாங்கிப் போட்டேன், முள் உடனே ஏறியது. வேறு வாஷரை வெட்டிப் போடாதீர்கள், ஓடும் வண்டியின் அதிர்வில் நிற்காது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. முள் நன்றாக ஏறும், ஆனால் தண்ணீரைக்கூட இழுக்காது. அது கசிவு இல்லை, அடைப்பு. குழாயையும் நுனியையும் பாருங்கள்; ஃபில்டர் நனைந்திருக்கலாம், ஜார் நிரம்பினால் பம்புக்குப் போகும் வழியை அடைக்கும் மிதவை ஒட்டியிருக்கலாம். நனைந்த ஃபில்டரைக் காயவைத்து மாட்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம், வண்டியில் கையால் இயக்கும் சக்‌ஷன் பம்ப் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.