ஃபோல்டரெல்லாம் மஞ்சளாகிப் போச்சா?

எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் பெயரை யாரும் படிப்பதில்லை; மஞ்சள் ஃபோல்டருக்குப் பதிலாக நான் போட்டுவைத்த படத்தை, அதாவது ஐகானைப் பார்த்துத்தான் திறப்பார்கள். ஊசி நூல் படம் போட்டது அம்மாவின் பிளவுஸ் டிசைன். எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போகிற அன்று அதிலிருந்துதான் போனுக்கு ஏற்றிக்கொள்வார். கேரம் காயின் படம் தம்பி ஆடிய மேட்ச் போட்டோக்கள். விளக்கு, திருவொற்றியூர் கோயில் போட்டோக்கள். ஹார்ட் டிஸ்க் மாற்றியதும் அத்தனையும் வெறும் மஞ்சளாகிவிட்டது. அன்றைக்கு என்னை யாரும் சும்மா விடவில்லை.

விண்டோஸில் இப்படிப் படம் போட்ட ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப்.ஐஎன்ஐ (desktop.ini) என்று ஒரு மறைவான ஃபைல் உட்கார்ந்திருக்கும். படம் எந்த டிரைவில், எந்த ஃபைலில் இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான் அதில் இருக்கும். டிஸ்க் மாற்றி, டி டிரைவாக இருந்தது ஈ டிரைவ் ஆனதும் பழைய விலாசத்தில் ஆள் இல்லை.

அதனால் ஒவ்வொரு ஃபோல்டராக மாற்றக் கிளம்பாதீர்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, அந்தப் பார்ட்டிஷனில் ரைட் கிளிக் செய்து, பழைய டிரைவ் எழுத்தையே திரும்பக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாப் படமும் ஒரே அடியில் வந்துவிடும். அந்த டிரைவில் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்திருந்தாலோ, விண்டோஸே அதில் இருந்தாலோ இதில் கை வைக்க வேண்டாம்.

அது முடியாவிட்டால் ப்ராப்பர்டீஸ், கஸ்டமைஸ், சேஞ்ச் ஐகான் என்று போய்ப் படத்தைக் காட்டுங்கள். படம் ஐசிஓ (.ico) என்ற ஐகான் ஃபைல் வகையாக இருக்க வேண்டும்; ஜேபெக் ஃபைலின் பெயரை மட்டும் மாற்றி ஏமாற்றப் பார்க்காதீர்கள், கன்வெர்ட் செய்யுங்கள். 256 பிக்சல் அளவும் 16 பிக்சல் அளவும் ஒரே ஃபைலில் இருப்பது நல்லது. 16 பிக்சலில் கோயில் கோபுரம் வெறும் கறைதான், விளக்கு தெளிவாகத் தெரியும்.

இனிமேல் டிரைவ் மாறினாலும் படம் போகாமலிருக்க, ஐசிஓ ஃபைலை அந்தந்த ஃபோல்டருக்குள்ளேயே போட்டு ஹிடன் செய்துவிடுங்கள். டெஸ்க்டாப்.ஐஎன்ஐ-யை நோட்பேடில் திறந்து, ஐகான்ரிசோர்ஸ் (IconResource) வரியில் நீளமான பாதையை அழித்துவிட்டு ஃபைல் பெயரை மட்டும் விடுங்கள். கடைசியில் இருக்கும் கமாவும் பூஜ்யமும் அப்படியே இருக்கட்டும்.

விலாசம் சரி, படமும் இருக்கிறது, ஆனாலும் மஞ்சள்தானா? ஃபோல்டரின் ரீட் ஒன்லி முத்திரை காப்பி செய்தபோது போய்விட்டிருக்கும்; அது இல்லாவிட்டால் விண்டோஸ் பெரும்பாலும் டெஸ்க்டாப்.ஐஎன்ஐ-யைக் கவனிக்காது. ப்ராப்பர்டீஸில் உள்ள ரீட் ஒன்லி கட்டத்தை டிக் செய்து பயனில்லை, அது உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கானது. கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் (attrib), இடைவெளி, கூட்டல் குறியோடு ஒட்டி ஆர், இடைவெளி, இரட்டை மேற்கோளுக்குள் ஃபோல்டரின் முழுப் பாதை என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். அப்புறம் டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அம்மாவைக் கூப்பிடலாம்.