தடயவியல் பட்டம் முடித்தாயிற்று: டர்பனிலிருந்து வேலை தேடும் வழி

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் தடயவியல் முடிக்கும் பிள்ளைகள் பலர் போலீஸ் ஆய்வகம் ஒன்றையே நம்பிக் காத்திருக்கிறார்கள். வேறு வாசல்களும் உண்டு.

படி 1: மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள்
வேலை விளம்பரம் பட்டத்தின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை, முதன்மைப் பாடத்தையும் கேட்கும். வேதியியல் இருந்தால் போதைப்பொருள், நச்சுப் பரிசோதனை. மரபணுவியல், உயிர்வேதியியல் இருந்தால் டிஎன்ஏ. இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து வேதியியலை இடையில் விட்டுவிடாதீர்கள். விட்டால் பாதி வாசல் அடைபடும்.

படி 2: வாசலைத் தேர்ந்தெடுங்கள்
போலீஸ் ஆய்வகங்களில் பெரியவை பிரிட்டோரியாவிலும் கேப் டவுனிலும் இருக்கின்றன. ஊர் மாறத் தயாராக இருங்கள். குற்றம் நடந்த இடத்துக்குப் போய்க் கைரேகை எடுப்பது ஆய்வகத்தாரின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதைச் செய்வது போலீஸிலேயே எல்சிஆர்சி (உள்ளூர் குற்றப் பதிவு மையம்) என்ற தனிப் பிரிவு. பெரும்பாலும் காவலர் பயிற்சி முடித்த பிறகே அங்கே போக முடியும்.

குடித்துவிட்டு ஓட்டியவர்களின் ரத்தத்தைச் சோதிப்பது போலீஸ் அல்ல, சுகாதாரத் துறை சார்ந்த வேதியியல் ஆய்வகங்கள். டர்பனிலும் ஒன்று உண்டு. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பை வைத்துத்தான் வழக்கே நிற்கும். அதனால் கருவியைத் துல்லியமாகக் கையாளத் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு அதிகம்.

பிணவறைப் பணி 2006 முதல் மாகாண சுகாதாரத் துறையின் கையில் இருக்கிறது. சடலத்தை எடுத்துவர வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். ஓட்டுநர் உரிமத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். கணக்கில் ஆர்வமிருந்தால் வங்கிகளின் மோசடி விசாரணைப் பிரிவையும் பாருங்கள்.

படி 3: படிவம்
தகுதியுள்ளவர்களும் இங்கேதான் கழிக்கப்படுகிறார்கள். மாகாணத் துறைகளுக்கு இசட் 83 என்ற அரசு வேலை விண்ணப்பப் படிவம். போலீஸுக்கு அவர்களுடைய சொந்தப் படிவம்தான். அங்கே இசட் 83 அனுப்பினால் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். பதவி ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், அதில் விளம்பர எண், கையெழுத்து. ஒன்று விடுபட்டாலும் விண்ணப்பம் போயிற்று.

போலீஸில் தேர்வானால் கன்னத்தின் உட்புறத்திலிருந்து டிஎன்ஏ மாதிரி எடுப்பார்கள். தடயவியல் நடைமுறைகள் பற்றிய 2013-ஆம் ஆண்டின் 37-ஆம் எண் சட்டப்படி இது கட்டாயம். உங்கள் டிஎன்ஏ தவறிச் சான்றில் கலந்தால் அடையாளம் கண்டு விலக்கத்தான் இந்த ஏற்பாடு.

படி 4: நேர்காணல்
சான்றுப் பொருள் கைமாறும் வரிசையைத் தவறாமல் கேட்பார்கள். ஒரு தாளில் எழுதிப் பழகுங்கள்: யார் கொடுத்தார், யார் வாங்கினார், எந்த நேரம், முத்திரைப் பையின் எண் என்ன. அந்தப் பை எண் அறிக்கையில் ஓர் இலக்கம் பிசகினால், ஆய்வு எவ்வளவு சரியாக இருந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.