பக்கெட் தூக்காம மீன் தொட்டிக்கு தண்ணி மாத்துறது எப்படி

நிறைய வீட்டுல மீன் தொட்டி கடைசில காலியாகி மொட்டை மாடிக்கு போய் சேர்றதுக்கு பக்கெட்டு தான் காரணம்னு நான் சொல்லுவேன். மூணு அடி நீளம், ஒன்னேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம்னு ஒரு தொட்டிய எடுத்துக்கோங்க, கன அடிக்கு 28 லிட்டர்னு கணக்கு போட்டு மேல கொஞ்சம் இடம் விட்டு நிரப்புனாலும் 140 லிட்டர் நிக்கும், வாரத்துக்கு 30 சதவீதம் மாத்தணும்னா 42 லிட்டர், அதாவது 15 லிட்டர் பக்கெட்ல மூணு நடை வெளிய மூணு நடை உள்ள, நடுவுல ஹால்ல சொட்டுனத துடைக்கிற வேலை தனி. கொஞ்ச நாள் ஆர்வமா செய்வோம், அப்புறம் அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு தள்ளிப்போட ஆரம்பிச்சிடுவோம், அந்த நேரத்துல தொட்டிக்குள்ள மீன் கழிவுல இருந்து உண்டாகுற நைட்ரேட் ஏறிக்கிட்டே இருக்கும். ஃபில்டர் அம்மோனியாவ நைட்ரேட் வரைக்கும் கொண்டு வந்து விட்டுடும், அதுக்கு மேல அத வெளிய எடுக்கிறது நம்ம வேலை. அதனால வேலைய சுலபமாக்குங்க, தானா ஒழுங்கா நடக்கும்.

பக்கெட்டுக்கு பதிலா தண்ணிய தானா வெளிய இழுக்கிற ட்யூப் ஒன்னு மாட்டப்போறோம். மொதல்ல தொட்டில இருந்து பாத்ரூம் இல்ல பால்கனி வரைக்கும் எவ்ளோ தூரம்னு அளந்துக்கோங்க, வளைவுக்கு சேத்து ரெண்டு மூணு அடி கூடவே ட்யூப் வாங்குங்க. அரை இன்ச் ட்யூப விட முக்கால் இன்ச் ட்யூப் ரொம்ப வேகமா இழுக்கும், விலையில பெரிய வித்தியாசம் இல்ல. கொத்தனார் லெவல் பாக்குற கண்ணாடி ட்யூப் மாதிரி மெல்லிசா இருக்கிறது வேணாம், திரும்புற இடத்துல எல்லாம் மடங்கும், உள்ள நூல் பின்னுன பிரெய்டட் ட்யூப் கேளுங்க. கூடவே பைப்ப திருப்புற எல்போ ரெண்டு, ஒரு முழம் அரை இன்ச் பிவிசி பைப், தண்ணிய திறந்து மூட ஒரு பால் வால்வ் (ball valve), ட்யூப் சொருகுற ஹோஸ் நிப்பிள், ஹோஸ் கிளிப், டெஃப்லான் டேப், பிவிசி ஒட்டுற சால்வென்ட் ஒரு சின்ன டப்பா. ஹார்ட்வேர் கடையில தொட்டி ஃபோட்டோவ காட்டி இந்த இடத்துல தொங்கணும்னு சொன்னா எந்த திரெட்டுக்கு எது சேரும்னு அவங்களே மாட்டி காட்டுவாங்க, வீட்டுக்கு வந்து முழிக்கிறத விட அங்கயே எல்லாத்தையும் ஒருவாட்டி கோத்து பாத்துடுங்க.

தொட்டி விளிம்புல தான் ட்யூப் எப்பவும் மடங்கும், அதனால அங்க ட்யூபே வேணாம். பைப்ப வெட்டி ரெண்டு எல்போவ போட்டு தலைகீழ் ப மாதிரி ஒன்னு பண்ணி விளிம்புல மாட்டுங்க, ஒரு கால் தொட்டிக்குள்ள முக்கால்வாசி ஆழம் வரைக்கும், இன்னொரு கால் வெளிய கொஞ்சம் தொங்கணும். வெளிய இருக்கிற கால்ல பால் வால்வ், அது தொட்டி தண்ணி மட்டத்துக்கு கீழ இருக்கணும், அதுக்கு கீழ நிப்பிள், அதுல ட்யூப். நிப்பிள்ல ட்யூப் ஏறலைன்னு மல்லுக்கட்டாதீங்க, ட்யூப் நுனிய கொதிக்கிற தண்ணில அரை நிமிஷம் முக்கி எடுத்தா இளகி தானா வழுக்கிட்டு ஏறும், ஆறுனதும் கிளிப்ப டைட் பண்ணுங்க. டெஃப்லான் டேப்ப திரெட் நம்மள பாத்த மாதிரி பிடிச்சிக்கிட்டு கடிகாரம் சுத்துற பக்கமா சுத்தணும், மாத்தி சுத்துனா முறுக்கும்போதே பிரிஞ்சு வந்துடும். சால்வென்ட் போட்ட பைப்ப ஒரு நாள் காய விட்டு நல்லா கழுவிட்டு தான் தொட்டிக்குள்ள விடணும்.

இப்போ எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். உள்ள இருக்கிற கால்ல, தண்ணி எந்த அளவுக்கு இறங்கினா போதும்னு நினைக்கிறீங்களோ அந்த மட்டத்துல ஒரு ஓட்டை போடுங்க, 16 இன்ச் தண்ணி நிக்கிற தொட்டில 30 சதவீதம்னா தண்ணி மட்டத்துல இருந்து கீழ சுமார் 5 இன்ச். தண்ணி அந்த ஓட்டைக்கு கீழ இறங்குன உடனே காத்து உள்ள போய் இழுக்கிறது தானா நின்னுடும். நீங்க போன் பேசிக்கிட்டு இருந்தாலும் சரி, அடுப்புல பால் வச்சிருந்தாலும் சரி, மீன் தரையில கிடக்காது. முக்கால் இன்ச் ட்யூபுக்கு ரொம்ப பொடி ஓட்டை பத்தாது, 5 மில்லிமீட்டர் டிரில் பிட்ல போட்டு பாருங்க, நிக்கலைன்னா இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க. பைப் நுனியில ஒரு ஸ்பாஞ்ச் இல்லன்னா வலை கட்டிடுங்க, கப்பி குட்டி எல்லாம் சட்டுனு உள்ள போயிடும்.

வாய வச்சு உறிஞ்சி தண்ணி இழுக்கிற பழக்கத்த தயவுசெஞ்சு விட்டுடுங்க. ட்யூபோட இன்னொரு நுனிய பாத்ரூம் டேப்ல மாட்டி மெதுவா திறங்க, தொட்டில குமிழி வர்றது நிக்குற வரைக்கும் தான், அப்புறம் டேப்ப மூடி நுனிய கழட்டி தரையில போட்டா தண்ணி வர ஆரம்பிச்சிடும். பாத்ரூம் வாசல்படி மேடா இருக்கேன்னு கவலை வேணாம், நடுவுல எவ்ளோ ஏறி இறங்குனாலும் கடைசி நுனி தொட்டி தண்ணி மட்டத்த விட தாழ்வா இருந்தா போதும். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஃபில்டர் சுவிட்ச் ஆஃப், ஊட்டி கொடைக்கானல் பக்கம் ஹீட்டர் வச்சிருக்கவங்க அதையும் ஆஃப் பண்ணிடுங்க, தண்ணி இறங்கி ஹீட்டர் சூடா வெளிய தெரிஞ்சா அதோட கண்ணாடி வெடிக்கும்.

நிரப்புறதுக்கும் அதே ட்யூப் தான், டேப்ல ஒரு கிளிக் கனெக்டர் போட்டு வச்சிட்டா மாட்டுறது கழட்டுறது ஒரு நொடி. ஆனா இதுல அவசரம் கூடாது. டேப்ல இருந்து நேரா விடுறதா இருந்தா தண்ணில இருக்கிற குளோரின போக்குற ஆன்டி குளோரின் மருந்த தொட்டில முன்னாடியே ஊத்தணும், அதுவும் புதுசா வர்ற 42 லிட்டருக்கு மட்டும் இல்ல, மொத்த தொட்டி அளவுக்கும். அபார்ட்மெண்ட்ல டேங்க் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்துல தண்ணி மாத்தவே மாத்தாதீங்க. சென்னை வெயில்ல மதியம் மாடி டேங்க் தண்ணி கை வைக்க முடியாத சூட்டுல வரும், காலையில வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடுங்க, அப்பவும் மொதல் ரெண்டு பக்கெட் தண்ணிய வேற வேலைக்கு பிடிச்சிட்டு கையில தொட்டு பாத்துட்டு விடுங்க. நிரப்பும்போது ஓட்டை போட்ட அந்த பைப்ப எடுத்துட்டு ட்யூப் நுனிய விளிம்புல கிளிப் போட்டு தண்ணிக்கு மேலயே நிறுத்துங்க, முங்கி இருந்தா நடுவுல லைன் நின்னு போற நேரத்துல தொட்டி தண்ணி திரும்ப வீட்டு பைப்புக்குள்ள போக வாய்ப்பு இருக்கு. கூடவே நிக்கணும், நிரப்புறதுக்கு தானா நிக்கிற ஓட்டை எல்லாம் கிடையாது.

டிரம்ல தண்ணி பிடிச்சு ஒரு நாள் வச்சிருந்து தான் விடுவேன்னு சொல்றவங்க ஏர் கூலர்ல போடுற சின்ன பம்ப் வாங்கிக்கலாம். டப்பால போட்டிருக்கிற ஹெட், அதாவது தண்ணிய ஏத்துற உச்ச உயரம், 1.8 மீட்டர்னா அந்த உயரத்துல ஒரு சொட்டு கூட வராதுன்னு அர்த்தம், தரையில இருந்து ஸ்டாண்டும் தொட்டியும் சேந்து நாலு அடி வந்துச்சுன்னா பாதி வேகம் கூட எதிர்பாக்காதீங்க. ஒயர் பிளக்குக்கு போறதுக்கு முன்னாடி கீழ தொங்கி வளைஞ்சு போகணும், இல்லன்னா ஒயர் வழியா வழியுற தண்ணி நேரா சாக்கெட்டுக்குள்ள போயிடும்.

வெளிய போற தண்ணிய பால்கனி செடிக்கு தாராளமா விடலாம், மல்லியும் கறிவேப்பிலையும் நல்லா தழைக்கும். மீனுக்கு கல்லுப்பு போட்டு வைத்தியம் பாத்த வாரம் மட்டும் செடி பக்கம் போகாம சாக்கடையிலயே விட்டுடுங்க.