நினைவாற்றல் ஆய்வுக்கு டிடிசிஎஸ் பொருத்தும் முறை

டிடிசிஎஸ் என்பது தலைமேல் இரு மின்முனைகள் வைத்து மூளைக்கு மெல்லிய நேர்மின்னோட்டம் செலுத்தும் முறை. இந்தச் செய்முறை நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆய்வகத்துக்கு மட்டும். 9 வோல்ட் பேட்டரியில் வயர் கோத்து வீட்டில் முயல வேண்டாம். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த அதில் எதுவும் இல்லை. வலிப்பு வந்தவர்கள், தலைக்குள் உலோகம் உள்ளவர்கள், மண்டையில் புண் உள்ளவர்களைச் சேர்க்காதீர்கள்.

மூக்கின் மேற்குழியிலிருந்து பிடரி மேடு வரை நாடா பிடித்து, முன்னிருந்து 10%, 30% தூரங்களில் குறியிடுங்கள். 30% குறிதான் எஃப்இசட் (இதுவும் கீழே வரும் எஃப்7, எஃப்3-உம் மூளை மின்அலைப் பதிவுக்காகத் தலையில் குறிக்கும் இடங்களின் பெயர்கள்). 10% குறி வழியாகத் தலையைச் சுற்றி அளந்து, அக்குறியிலிருந்து இடப்பக்கம் சுற்றளவில் 15% தள்ளினால் எஃப்7. இரண்டுக்கும் நடுவே எஃப்3. நேர்முனை அங்கே, எதிர்முனை வலப்புருவத்துக்கு மேலே.

பெரும்பாலும் சொதப்புவது ஸ்பாஞ்சில்தான். 5×7 செ.மீ. ஸ்பாஞ்சின் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 6 மி.லி. உப்புக்கரைசல் போதும். குழாய்த் தண்ணீர் கூடாது. சொட்டச் சொட்ட நனைத்தால் ஈரம் முடியில் பரவி, மின்சாரம் தோல்மேலேயே ஓடிவிடும். காய்ந்தாலோ மின்சாரம் ஓரிடத்தில் குவிந்து தோல் புண்ணாகும். முடியை வகிடெடுத்து ஒதுக்கி, மின்தடை 5 கிலோஓமுக்குக் கீழே வந்தபின் தொடங்குங்கள்.

30 விநாடியில் படிப்படியாக 2 மில்லிஆம்பியருக்கு ஏற்றி, 20 நிமிடம் வைத்து, அதேபோல் இறக்குங்கள். லேசான அரிப்பு இயல்பு. எரிச்சல் கூடினால் உடனே நிறுத்துங்கள். ஒப்பிடுவதற்காகத் தரும் போலித் தூண்டலில் இதேபோல் ஏற்றி, அரை நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். முடிவில் ‘உங்களுக்குக் கிடைத்தது எது?’ என்று எல்லோரிடமும் கேட்டுப் பதியுங்கள். நினைவுச் சோதனைகளில் இதன் விளைவு சிறியது, ஆய்வுக்கு ஆய்வு மாறுவது. பங்கேற்பவர் கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சிறு வித்தியாசத்தையும் நம்ப முடியாது.